தீர்ப்பு எல்லோருக்கும் சொந்தம், அதிலுள்ள பெயர்?

போன வருஷம் ஒரு நாள் சித்தியிடமிருந்து போன். "ஏப்பா, நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் தேடி எடுப்பியே, இந்தப் பையன் பேரைப் போட்டுப் பாரேன்" என்றார். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தியாச்சு, வீடும் பிடிச்சாச்சு, பையனைப் பற்றி விசாரிப்பதுதான் பாக்கி.

முன்பெல்லாம் இந்த விசாரணை பையனின் ஊர் டீக்கடையிலோ பக்கத்து வீட்டிலோ நடக்கும். இப்போது தேடுபொறியில் நடக்கிறது. பெயரையும் ஊரையும் போட்டேன். மூன்றாவது இடத்தில் ஒரு தீர்ப்பு. தேடல் பட்டியலில் தெரிந்த இரண்டு வரியில் அவர் பெயர், மூன்றாம் எதிரி என்ற குறிப்பு, 420வது பிரிவு. அவ்வளவுதான்.

திறந்து படித்தேன். வேலை பார்த்த இடத்தில் நடந்த பண மோசடிக்காக, காகிதங்களில் கையெழுத்துப் போட்ட ஊழியர் என்ற முறையில் இவரையும் சேர்த்திருக்கிறார்கள். கீழமை நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, இவருக்கு எதிராக எந்தச் சாட்சியமும் இல்லை என்று சொல்லி விடுதலை செய்தது. அந்த வாக்கியம் இருந்தது பதினான்காம் பக்கத்தில்.

சித்தியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "விடுதலை ஆயிட்டாருன்னா சந்தோஷம்ப்பா. ஆனா நெருப்பில்லாம புகையுமா?" என்றார். சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் ஆரம்பித்துப் படித்த விஷயங்களின் குறிப்புதான் இது. கேள்வி எளிமையானது. நிரபராதி என்று நீதிமன்றம் சொன்ன ஒருவரின் பெயர் எத்தனை வருஷம் இணையத்தில் தொங்க வேண்டும்?

தீர்ப்பு யாருடைய சொத்து?

முதலில் பதிப்புரிமை. ஒரு தனியார் இணையதளம் எப்படி நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் போட முடிகிறது என்று சிலர் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீதிமன்றம் வெளியிடும் எழுத்து அரசுப் படைப்பு. ஆனால் அதே சட்டத்தின் 52வது பிரிவு, தீர்ப்பையோ உத்தரவையோ யார் மறுபதிப்பு செய்தாலும் அது மீறல் ஆகாது என்கிறது. நாட்டின் சட்டம் என்ன என்பதைத் தீர்ப்புகள்தான் தீர்மானிக்கின்றன. அதைப் படிக்கக் காசு கேட்டால் சட்டத்தையே பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

இதில் ஒரு பெரிய வழக்கும் நடந்தது. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி, தன் தொகுப்பைப் பார்த்து எடுத்ததாக குறுந்தகடு தயாரித்தவர்கள் மீது வழக்குப் போட்டது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து, எழுத்துப்பிழை திருத்தி மேற்கோள் சேர்ப்பதால் மட்டும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது, பதிப்பாளர் தன் அறிவைப் பயன்படுத்திச் சேர்த்த சில பகுதிகளுக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன் போன்ற இலவசத் தேடல் தளங்கள் நிற்பது இந்தத் தரையில்தான். சட்டம் படிக்காத நானே பத்து நிமிஷத்தில் ஒரு தீர்ப்பைத் தேடி எடுக்கிறேன் என்றால் அதற்கு இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் 52வது பிரிவின் அந்த வரியில் ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. நீதிமன்றம் தடை செய்திருந்தால் ஒழிய, என்று. கதவு திறந்திருக்கிறது, சாவி நீதிமன்றத்தின் கையில். இதைப் பிறகு பார்ப்போம்.

ஆட்டோ சங்கர் போட்ட கோடு

அடுத்தது தனியுரிமை. இந்திய அந்தரங்க உரிமைச் சட்டத்தின் முக்கியமான வழக்கு ஒன்று நம்ம ஊர் வாரப் பத்திரிகையால் வந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதிகாரிகள் சிலரோடு தனக்கு இருந்த தொடர்பும் அதில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அதை நக்கீரன் வெளியிடப்போவதாக அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. அது அவர் எழுதியதே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை என்றது கடிதம். நக்கீரன் கோபாலும் இணை ஆசிரியர் காமராஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு மாதம் கழித்து, 1995 ஏப்ரலில், சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார்.

அந்தத் தீர்ப்பு மூன்று விஷயங்களைச் சொன்னது. ஒன்று, தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, அது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு, நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் ஒரு விஷயம் ஏறிவிட்டால் அதன் மேல் அந்தரங்க உரிமை கோர முடியாது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர் மட்டும் விதிவிலக்கு. மூன்று, அரசு அதிகாரிகள் தங்கள் அலுவல் சம்பந்தப்பட்ட செயல்களுக்கு இந்தக் கேடயத்தைப் பிடிக்க முடியாது, வெளியிடும் முன்பே தடுக்கவும் முடியாது.

1994இல் இது பத்திரிகைச் சுதந்திரத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி. இன்றைக்கும்தான். ஆனால் அந்த இரண்டாவது விதியைக் கவனியுங்கள். பொது ஆவணத்தில் ஏறினால் அந்தரங்கம் போச்சு. சித்தி கேட்டுக்கொண்ட தேடல் அந்த வாசல் வழியாகத்தான் நடந்தது.

காகிதத்தில் இருந்த திரை

1994இல் நீதிமன்ற ஆவணம் என்றால் என்ன? கோர்ட் ரெக்கார்டு ரூமில் கட்டி வைத்த கட்டு. வழக்கு எண் தெரிய வேண்டும், நகல் மனு போட வேண்டும், காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் வேலை மெனக்கெட்டு யாரும் போய்ப் பார்ப்பதில்லை. சட்டம் கொடுக்காத திரையை அந்தச் சிரமம் கொடுத்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989லேயே இதைக் கவனித்திருக்கிறது. ஒருவரைப் பற்றிப் பல ஊர் நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் தகவலும், அதே தகவல் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டுக் கிடைப்பதும் ஒன்றல்ல என்று, குற்றப் பதிவேடுகள் பற்றிய வழக்கில் சொன்னது. இணையம் பரவுவதற்கு முன்னாலேயே!

இன்று வழக்கு எண் வேண்டாம், ஊர் வேண்டாம், பெயர் போதும். ஊர்க்காரர்கள் பத்து வருஷத்தில் மறந்துவிடுவார்கள், அல்லது "பாவம், அவன் மேல தப்பில்லையாமே" என்று தெரிந்துகொள்வார்கள். மனிதர்கள் மறந்தாலும் இணையம் மறப்பதில்லை, மனிதர்களை மறக்கவும் விடுவதில்லை என்ற பொருளில் 2017 ஆகஸ்டில் வந்த புட்டசாமி வழக்குத் தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் எழுதினார். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு அது. மறக்கப்படும் உரிமை முழுமையானது அல்ல, கருத்துச் சுதந்திரமும் பொதுநலனும் குறுக்கே வரும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

ஸ்பெயினில் ஒரு ஏல அறிவிப்பு

மறக்கப்படும் உரிமை என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது ஐரோப்பாவிலிருந்து. ஸ்பெயினில் ஒருவரின் சொத்து, சமூகப் பாதுகாப்புக் கடன் பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தது. 1998இல் லா வான்கார்டியா நாளிதழில் அறிவிப்பு வெளியானது. கடன் தீர்ந்து வருஷங்கள் ஆகியும், அவர் பெயரைத் தேடினால் கூகுள் அதையே காட்டிக்கொண்டிருந்தது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கட்டும், ஆனால் அவர் பெயரைப் போட்டுத் தேடும்போது அந்த இணைப்பைக் கூகுள் காட்டக்கூடாது. நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கவில்லை, அட்டவணையிலிருந்து ஒரு சீட்டை மட்டும் எடுத்தார்கள்.

2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டம் இதை 17வது பிரிவாகவே எழுதிக்கொண்டது. 2019இல் வந்த இன்னொரு தீர்ப்பு, இந்த நீக்கத்தை உலகம் முழுவதற்கும் செய்ய வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் கூகுளைக் கட்டாயப்படுத்தவில்லை என்றது.

சென்னை, மதுரை, டெல்லி

இப்போது நம்ம பக்கம். குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விடுதலையானவர் தன் பெயரை மறைக்கக் கேட்பதில் நியாயம் இருப்பதாக முதல் பார்வையில் கருதினார். ஆகஸ்டில் விரிவாக விசாரித்தபின் மனுவைத் தள்ளுபடி செய்தார். யாருக்கு மறைப்பது, யாருக்கு மறுப்பது என்பதற்குப் பொதுவான அளவுகோல் வேண்டும், தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும், அதுவரை ஆளுக்கொரு உத்தரவு போட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அவர் நிலை.

மேல்முறையீடு மதுரைக் கிளைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 27 அன்று நீதிபதிகள் அனிதா சுமந்த், விஜயகுமார் அமர்வு அதை மாற்றியது. இணையத்தில் ஏற்றும் தீர்ப்பில் அவர் பெயரையும் அடையாளத்தையும் பதிவாளர் அலுவலகம் மறைக்க வேண்டும், இந்தியன் கானூன் தன் தளத்திலிருந்து அந்தத் தீர்ப்பை எடுக்க வேண்டும் என்றது. தளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலையில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு மதுரை உத்தரவுக்குத் தடை விதித்து, இந்தக் கேள்வியையே விசாரிக்க எடுத்துக்கொண்டது.

அந்த மனிதரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் வழக்கின் பெயரே அவர் பெயர்தான். மறக்கப்பட வேண்டும் என்று கேட்டுப் போனவரின் பெயரை இனி சட்டக்கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள்.

கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் வேறு கோட்டைப் போட்டது. குடும்ப, திருமண வழக்குகளில் கேட்டால் பெயரை மறைக்கலாம். மற்றபடி திறந்த நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகளில் இந்த உரிமையைக் கோர முடியாது. ஆக, ஒரே நாட்டில் ஒரே மாதிரி நிலையில் இருப்பவருக்கு, அவர் எந்த ஊரில் வழக்குப் போட்டார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

காத்திருந்த சட்டம் வந்தாச்சே?

வந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் 12வது பிரிவில், தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் தங்கள் நீதிப்பணிக்காகக் கையாளும் தரவுக்கு 17வது பிரிவு விலக்கு கொடுக்கிறது. ஏதாவது ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவெளியில் வைக்கப்பட்ட தரவுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 3வது பிரிவு சொல்கிறது. தீர்ப்புகளும் அதில் அடங்கும் என்று வாதிட நிறைய இடமிருக்கிறது. விடுதலையானவருக்கு அந்தச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அழிப்பதா, எடுப்பதா, மறைப்பதா?

"அந்தப் பக்கத்தையே தூக்கிடலாமே" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு ஒன்று உறைத்தது. கைதான அன்று வந்த செய்தி பத்திரிகைத் தளத்தில் அப்படியே இருக்கும். கைது செய்தி, விடுதலை பெரும்பாலும் செய்தி இல்லை. அவர் நிரபராதி என்று எழுத்தில் சொல்லும் ஒரே காகிதம் அந்தத் தீர்ப்புதான். அதை அழித்தால் பழி நிற்கும், விடுதலை போய்விடும்.

தீர்ப்பை அழிப்பதில் பொதுவான ஆபத்தும் உண்டு. போலீஸ் எப்படிப் பொய்யாக ஒருவரைச் சேர்த்தது, கீழமை நீதிமன்றம் எங்கே சறுக்கியது என்பதெல்லாம் விடுதலைத் தீர்ப்புகளில்தான் பதிவாகிறது. அது நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வழி, ஸ்பெயின் வழி. பக்கம் இருக்கட்டும், பெயர்த் தேடலில் வரவேண்டாம். நல்ல வழிதான், ஆனால் ஒரு தேடுபொறியில் எடுத்தால் இன்னொன்றில் இருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பெயரைக் கேட்டாலே ஒரு பத்தி எழுதிக் கொடுக்கின்றன. அந்தப் பத்தியில் பதினான்காம் பக்கம் இடம்பெறுமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

மூன்றாவது வழி, ஊற்றிலேயே பெயரை மறைப்பது. தீர்ப்பு முழுவதும் இருக்கும், வழக்கு எண் இருக்கும், நீதிபதியின் பெயர் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் இருக்கும் இடத்தில் ஓர் எழுத்து மட்டும். பெயருடன் கூடிய மூலம் நீதிமன்றக் கோப்பில் பத்திரமாக இருக்கும். தேவைப்பட்டவர் பழையபடி நகல் மனு போடலாம். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. திறந்த நீதிமன்றம் என்ற கொள்கையின் நோக்கம் நீதிபதியையும் அரசையும் நாம் கண்காணிப்பது. விடுதலையான ஊழியரின் பெயர் அந்தக் கண்காணிப்புக்குத் தேவையில்லை.

இது புதுமையும் இல்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவது இப்போதே குற்றம். சிறார் நீதிச் சட்டத்தின் 24வது பிரிவு, சிறாரின் தண்டனைப் பதிவை உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலை முதல், உறுப்பு நாட்டு நீதிமன்றங்கள் விளக்கம் கேட்டு அனுப்பும் வழக்குகளில் தனிநபர் பெயரைத் தானாகவே எழுத்துகளாக மாற்றிவிடுகிறது. சட்ட ஆய்வு நின்றுவிடவில்லை. நமக்கும் தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் பார்த்தோமே, அந்தச் சாவி ஏற்கெனவே நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது.

இதற்கு எதிரான வாதங்களும் பலமானவைதான். சாட்சிகள் பிறழ்ந்ததால் தப்பித்த பெரிய மனிதர் இதே உரிமையைக் கேட்டால்? ஊழல் வழக்கில் விடுதலையான அமைச்சர் கேட்டால்? இங்கே ஆட்டோ சங்கர் தீர்ப்பின் மூன்றாவது விதி கைகொடுக்கும். பதவியில் இருந்து செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு மறைப்பு கிடையாது. சாதாரணத் தனிநபர், மேல்முறையீட்டுக் காலமெல்லாம் முடிந்து விடுதலை உறுதியானவர், தானே கேட்டால் மட்டும் மறைக்கலாம். சந்தேகத்தின் பலனில் விடுதலை, முழு விடுதலை என்று பிரித்து அதில் ஒருவருக்கு மறுக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனால் சட்டத்தின் முன் இருவரும் நிரபராதிகள் என்ற இடத்திலிருந்துதான் யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் என்ன சொல்கிறதோ, அதுவரை தேடுகிறவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. யார் பெயரையாவது போட்டுத் தேடி ஒரு தீர்ப்பு வந்தால், தயவுசெய்து கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். அதில் விடுதலை என்று இருந்தால், கேட்டவர்களிடம் அதையே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நான் சித்தியிடம் பேச ஆரம்பித்தது "ஒரு கேஸ் இருக்கு" என்றுதான். அதற்குப் பிறகு சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.